நட்சத்திர சென்டரும் சம்பள வரம்பும்: கேள்வி பதில்

வட அமெரிக்காவின் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கியில் பெரிய சென்டர்களின் (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்கள்) ஒப்பந்தங்கள் பற்றி வந்த கேள்விகள். சம்பள வரம்பு என்பது ஓர் அணி ஆட்டக்காரர்களுக்கு ஓர் ஆண்டில் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் உச்சம். தொகைகள் அமெரிக்க டாலரில், ஆண்டுச் சராசரிக் கணக்கில்.

கே: ஓரத்தில் ஆடும் விங் ஆட்டக்காரரைவிட சென்டருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஆட்டத்தைத் தொடங்க நடுவர் பக்கைப் போடும் ஃபேஸ்-ஆஃபை எடுப்பவர் அவர். பந்தயம் நம் கோல் பக்கம் திரும்பினால் டிஃபென்ஸுக்குத் துணையாக கீழே இறங்க வேண்டியவரும் அவரே. சென்டரை விங்கில் ஆடவைக்கலாம். விங்கைக் கொண்டுபோய் சென்டரில் நிறுத்தினால் கோல் முன்னால் ஆளை விட்டுவிடுவார்.

கே: 2018-ல் டொராண்டோ அணி சென்டர் ஜான் டவாரஸை வெளியிலிருந்து எடுத்தது தப்பா சார்?

ஆள் சரி, நேரம்தான் சரியில்லை. 7 ஆண்டு, 1.1 கோடி. அப்போது அணியின் சொந்த இளைஞர் நைலாண்டருக்கு ஒப்பந்தமே இல்லை. மற்ற இளைஞர்கள் மேத்யூஸ், மார்னர் இருவருக்கும் ஒரு வருடம்தான் பாக்கி. வெளியாளுக்கு அந்த விலை கொடுத்த பிறகு வீட்டுப் பிள்ளைகள் குறைத்தா கேட்பார்கள்? மேத்யூஸ் 1.163 கோடி, மார்னர் 1.089 கோடி, நைலாண்டர் 69.6 லட்சம் என்று முடிந்தது.

2019-20-ல் நால்வருக்கு மட்டும் 4.05 கோடி. மொத்த வரம்பே 8.15 கோடி. 23 பேர் பட்டியலில் மிச்சம் 19 இடத்துக்குத் தலைக்குச் சுமார் 21.5 லட்சம். வரம்பு வருடாவருடம் ஏறும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது. கொரோனா வந்து 2021-22 வரை அதே 8.15 கோடியில் நின்றுவிட்டது.

கே: டொராண்டோ தன் சென்டர் காத்ரியை கொலராடோ அணிக்கு விற்றது அந்த நெருக்கடியால்தானா?

அது ஒரு காரணம். வலதுகை டிஃபென்ஸ்காரர் தேவைப்பட்டதும், இரண்டு பிளேஆஃப்களில் அவர் தடை வாங்கியதும் சேர்ந்துகொண்டன. ஆனால் 45 லட்சத்துக்கு அப்படியொரு மூன்றாவது சென்டர் லேசில் கிடைக்கமாட்டார். கொலராடோவில் 2021-22-ல் 87 புள்ளி (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து), கையில் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை.

கே: சரிவராவிட்டால் பைஅவுட் செய்து, அதாவது பணம் கொடுத்து ஒப்பந்தத்தை இடையில் முடித்து, கழற்றிவிடலாமே?

26 வயது நிரம்பியவருக்கு மீதி அடிப்படைச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தால் போதும். அதுவும் மிச்சமுள்ள வருடங்களைப்போல் இரண்டு மடங்கு காலத்தில். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்கான சைனிங் போனஸ் மட்டும் ஒரு சல்லி குறையாது. ஏஜென்ட்டுகளுக்கு இது தெரியும். பெரிய ஒப்பந்தங்களில் சம்பளத்தின் பெரும்பகுதியை போனஸாக வாங்கிவிடுகிறார்கள்.

கே: எட்மன்டன் அணி 2024-ல் இரண்டு இளைஞர்களை இழந்தது எப்படி?

ஆஃபர் ஷீட். ஒப்பந்தம் முடிந்த இளைஞருக்கு வேறு அணி விலை சொல்லும். பழைய அணி 7 நாளில் அதே தொகையைக் கொடுக்க வேண்டும், இல்லையேல் ஆளை விட வேண்டும். செயின்ட் லூயிஸ் அணி ஒரே நேரத்தில் எட்மன்டனின் புரோபெர்க்குக்கு 45.8 லட்சம், ஹாலோவேவுக்கு 22.9 லட்சம் நீட்டியது. வரம்பை ஒட்டி நின்ற எட்மன்டன் இருவரையும் விட்டது. கைக்கு வந்தது ஒரு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று டிராஃப்ட் (புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்) வாய்ப்பு. ஈடுகொடுத்து வைத்திருந்தாலும் ஒரு வருடம் அவர்களை டிரேடு செய்ய முடியாது. வரம்பை ஒட்டி நிற்கும் அணி இளைஞர்களின் ஒப்பந்தத்தை ஜூலைக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பேன்.

கே: 2025-26-ல் வரம்பு 9.55 கோடி ஆகிவிட்டதே, இனி நெருக்கடி இல்லைதானே?

விலையும் கூடவே ஏறுகிறது. எட்மன்டனின் சென்டர் டிரைசைட்டில் 85 லட்சத்திலிருந்து 1.4 கோடிக்குப் போய்விட்டார். அதே அணியின் இன்னொரு சென்டர் மெக்டேவிட் பழைய 1.25 கோடியிலேயே நீட்டித்தார், ஆனால் 2 ஆண்டுக்கு மட்டும். அந்த ஒப்பந்தம் 2028-ல் முடிகிறது.