மக்கும் பைக்குக் காமா கதிர்

கேள்வி: கடையில் தரும் மக்கும் பை இரண்டு கிலோ தக்காளியைக்கூடத் தாங்காமல் கைப்பிடியோடு பிய்ந்துவிடுகிறது. கதிர்வீச்சு கொடுத்தால் இத்தகைய பைகள் உறுதியாகும் என்று படித்தேன். உண்மையா? பையில் கதிர் தங்கிவிடாதா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தங்காது. கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் உமிழும் காமா கதிருக்கு எலக்ட்ரானைப் பிடுங்கும் வலு உண்டு; அணுக்கருவைக் குலைத்துப் பொருளையே கதிரியக்கமாக்கும் வலு கிடையாது. மும்பை டிராம்பேயில் உள்ள ஐசோமெட் ஆலை 1974 முதல் மருத்துவப் பொருள்களை இந்தக் கதிரால்தான் கிருமிநீக்கம் செய்கிறது. அறுவைச் சிகிச்சைக் கையுறையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லையே!

உறுதி விஷயத்தில்தான் வில்லங்கம். கதிர் பட்டால் பாலிமர் சங்கிலிகள், அதாவது பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள், அறுபடவும் செய்யும், ஒன்றோடொன்று பிணையவும் செய்யும். எது மிஞ்சும் என்பது பொருளைப் பொறுத்தது. பாலிகாப்ரோலாக்டோன் என்ற மக்கும் பிளாஸ்டிக் பிணையும் சாதி. சோளத்திலிருந்து வரும் பிஎல்ஏ என்ற மக்கும் பிளாஸ்டிக்கும் ஸ்டார்ச்சும் பெரும்பாலும் அறுபடும் சாதி. கல்லூரி ஆய்வகத்தில் கதிர் கொடுக்கும் காமா சேம்பரிலிருந்து எடுத்த பிலிமை நான் முதலில் விரலால் மடித்துத்தான் பார்ப்பேன், கருவியெல்லாம் பிறகு. 100 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) வாங்கிய வெறும் பிஎல்ஏ அப்பளம்போல் உடையும். ஆகவே இவற்றைக் கலந்து செய்த பிலிமில் ஒரு பங்காளி வலுப்பெறும்போதே இன்னொன்று நொடித்துப்போகலாம். ‘கதிர் கொடுத்தோம், வலுவானது’ என்று ஒரே வரியில் எழுதும் கட்டுரைகள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இதற்கு ஜப்பானின் தகாசாகி ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். டிரையலைல் ஐசோசயனுரேட் என்ற சேர்மத்தைப் பிஎல்ஏயில் சுமார் 3 சதவீதம் கலந்து கதிர் பாய்ச்சினார்கள். அறுபட வேண்டிய சங்கிலிகள் வலைபோல் பின்னிக்கொண்டன. சாதாரண பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் அளவில் தொய்ந்துவிடும். பின்னிய பிஎல்ஏ அதற்கு மேலும் உருவம் குலையாமல் நின்றது. ஆனால் பின்னல் இறுக இறுக நுண்ணுயிர்களின் நொதிகள் உள்ளே நுழைவதும் சிரமமாகிறது. மக்குவதற்கென்று செய்த பொருள் மக்கத் தாமதித்தால் யாருக்கு லாபம்?

சூடான பானத்துக்கான கோப்பை என்றால் இந்தச் செலவும் மெனக்கெடலும் தகும். ஒரு மாலை நேரம் தக்காளி சுமக்கும் பைக்கு எனக்கு இது தேவையாகத் தோன்றவில்லை. கடைப் பைகள் பலவும் பிபிஏடி என்ற இன்னொரு மக்கும் பிளாஸ்டிக், பிஎல்ஏ, ஸ்டார்ச் கலந்தவை. ஈரமும் வெப்பமும் உள்ள கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தாலே நைந்துபோகும். அடுத்த முறை கடைக்காரரிடம் பழைய சரக்கா என்று கேளுங்கள். பையில் தயாரிப்பு மாதம் அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள்.