இன்ஹேலர் பழகிப்போகுமா? மூச்சு பற்றி வாசகர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இன்ஹேலரைப் பற்றித்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகனுக்கு 8 வயது. பனிக்காலம் வந்தாலே வீசிங். டாக்டர் இன்ஹேலர் எழுதித் தந்தார். "அதைத் தொட்டா ஆயுசுக்கும் விட முடியாது, மாத்திரையே போதும்" என்கிறார் மாமியார். எனக்கும் பயமாக இருக்கிறது.
– விழுப்புரம் வாசகி

உங்கள் மாமியார் பேரன் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார். ஆனால் கணக்கைப் பாருங்கள். வீசிங்குக்குத் தரும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம் மருந்து இருக்கும். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு (ஒருமுறை அழுத்தினால்) 100 மைக்ரோகிராம்தான். இரண்டு பஃப் எடுத்தாலும் மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி நுரையீரலுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் அதிகம். இன்ஹேலர் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போய்விடும்.

இன்ஹேலர் போதைபோல் பழகிப்போவதில்லை. ஆஸ்துமா பல வருடம் இருக்கிற நோய், அதனால் மருந்தும் பல வருடம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இழுப்பு வரும்போது எடுப்பது. சுருங்கிய குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது இன்னொன்று, குறைந்த அளவு ஸ்டீராய்டு உள்ளது. டாக்டர் இதைத் தினமும் எடுக்கச் சொல்லியிருந்தால் பையன் ஓடி விளையாடும் நாளிலும் எடுக்க வேண்டும். "இப்போ நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பல வருடம் எடுக்கும் குழந்தைகளுக்கு உயரம் சுமார் 1 செ.மீ. குறையலாம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அடங்காத ஆஸ்துமா தூக்கத்தையும் படிப்பையும் கெடுக்கும், சில நேரம் உயிருக்கே ஆபத்து.

இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயைக் கட்டாயம் வாங்குங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஒரு பஃப் அடித்து, ஸ்பேசர் வழியாக ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு விடச் சொல்லுங்கள். அப்புறம்தான் அடுத்த பஃப். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை இழுப்பு வரும்போது எடுக்கும் இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் சளி இருமல். எக்ஸ்ரே நார்மல். புகைப்பழக்கமே இல்லாதவருக்கு நுரையீரல் நோய் வருமா?
– தர்மபுரி வாசகர்

வரும். அம்மா எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தார் என்று கேளுங்கள். ஜன்னல் இல்லாத சமையலறையில் இருபது, முப்பது வருடம் புகை குடித்த பெண்களுக்கு, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வரும் அதே சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நாள்பட்டு அடைபடும் நோய், வருகிறது. ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் சோதனையில்தான் தெரியும். கூடவே ஹீமோகுளோபினும் இசிஜியும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையாலும் இதயக் கோளாறாலும் இப்படி மூச்சு வாங்கலாம். "வயசாயிடுச்சு" என்று அம்மாவே சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

ஐந்து நாளாகச் சளி மஞ்சளாக வருகிறது. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் எடுக்கலாமா?

வேண்டாம். மஞ்சள் நிறம் மட்டுமே பாக்டீரியாவுக்கு அடையாளம் ஆகாது. வைரஸ் சளியிலும் அப்படி வரும், இருமல் மூன்று வாரம்வரைகூட இழுக்கலாம். கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் ஒருமுறை டிபிக்கான சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

அப்பாவுக்கு டிபி. இரண்டு மாத மாத்திரையில் உடம்பு தேறிவிட்டது, நிறுத்தப் பார்க்கிறார். வீட்டில் அவருக்குத் தனித்தட்டு, தனி டம்ளர். இது சரியா?
– திருவள்ளூர் வாசகி

நிறுத்தவே கூடாது. இருமலும் காய்ச்சலும் போனபின்னும் கிருமிகள் உள்ளே ஒளிந்திருக்கும். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபியாகத் திரும்பலாம். வழக்கமான சிகிச்சை 6 மாதம். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம்.

தனித்தட்டு தேவையில்லை. டிபி காற்றில்தான் பரவுகிறது. 1950களில் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் (டிபிக்கான தனி மருத்துவமனையில்) சேர்த்தார்கள், மற்றவர்களுக்கு நெருக்கடியான வீடுகளிலேயே மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், அவர்கள் வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. அதன்பிறகுதான் உலகம் முழுக்க வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தருவது வழக்கமானது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சத்துணவுக்காக அரசு மாதம் ரூ.1000 தருகிறது, அவருடைய வங்கிக்கணக்கைப் பதிந்தாயிற்றா என்று கேளுங்கள்.

குழந்தை தூங்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள் வைக்கலாமா?

வைக்காதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளியாகிறது என்று 2003-ல் வந்த ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கொசுவலை கட்டுங்கள்.