பிரம்பு நாற்காலிக்கு எண்ணெய் போடலாமா? தொய்ந்த பின்னலை மறுபடி இறுக்க முடியுமா?

கேள்வி: வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிரம்பு நாற்காலி மூன்றே வருடத்தில் கீச்சிட ஆரம்பித்துவிட்டது. உட்காரும் பின்னல் பள்ளமாகிவிட்டது. எண்ணெய் தேய்த்தால் சரியாகுமா? தண்ணீர் படலாமா?

தொய்ந்த பின்னலுக்கு வேண்டியது தண்ணீர்தான். எண்ணெய் பெரும்பாலும் வேண்டாம். காரணம் பிரம்பின் உடலிலேயே இருக்கிறது.

பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி. மூங்கில் போல உள்ளே வெற்றிடம் இருக்காது, நடுவரை நார்தான். வெளித்தோலில் சிலிக்கா இருப்பதால் அது வழவழவென்று இறுகியிருக்கும். தண்ணீரும் எளிதில் ஏறாது, சாயமும் பிடிக்காது. உட்பகுதி முழுக்க நுண்துளைகள், எதைத் தொட்டாலும் உறிஞ்சும். தோலைச் சீவி எடுத்த பட்டையில்தான் கண் வைத்த (சிறு ஓட்டைகள் விட்ட) இருக்கைகளைப் பின்னுகிறார்கள், மூட்டுகளைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அந்தப் பட்டைக்கும் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. ஈரம் உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்தச் சொரசொரப்பான பக்கம் வழியாகத்தான்.

எதையும் தொடும் முன் அது நிஜப் பிரம்புதானா என்று பாருங்கள். சட்டத்தில் ஆங்காங்கே கணுத் தழும்பும், இடத்துக்கு இடம் நிற வித்தியாசமும் இருந்தால் பிரம்பு. எல்லா இழையும் ஒரே தடிமன், ஒரே நிறம், வெட்டுமுனையில் துளைகளே இல்லை என்றால் அது பிளாஸ்டிக். சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும், கீழே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது. இன்னொரு வகையும் உண்டு: முறுக்கிய காகிதக் கயிற்றில் பின்னியவை. இழையின் முனையைப் பிரித்தால் காகிதம் சுருளாக அவிழும். அதை நனைக்கவே கூடாது.

இப்போது பள்ளமான இருக்கைக்கு வருவோம். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை என்றால் பின்னலை நீங்களே இறுக்கிவிடலாம். நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். பின்னலைச் சுற்றியுள்ள மரச்சட்டம் பாலிஷ் போட்டதாக இருந்தால், சூடான ஈரம் பட்டு வெள்ளைத் திட்டு விழும். அதனால் ஓரங்களை டேப் ஒட்டி மூடுங்கள். சட்டத்தில் வெட்டிய பள்ளக்கோட்டில் பசை வைத்துப் பதித்த பின்னல் என்றால், ஓரத்தில் ஒரு விரலகலம் நனையாமல் விட்டுவிடுங்கள், பசை இளகிவிடும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, தடிமனான துண்டை முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அடிப்பக்கத்தில், அதாவது சொரசொரப்பான பக்கத்தில், பரப்புங்கள். அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும். துண்டு ஆறினால் மறுபடி சூடாக நனைத்துப் போடுங்கள். இழைகள் விரலுக்கு வளைந்து கொடுக்க ஆரம்பித்ததும் துண்டை எடுத்துவிட்டு, நிழலில், காற்றோட்டத்தில் விடுங்கள்.

அடுத்த 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலானோர் கெடுத்துக்கொள்கிறார்கள். நனைந்த பட்டை உப்பி இளகியிருக்கும், காயும்போதுதான் சுருங்கி விறைக்கும். பாதி ஈரத்தில் பாரம் ஏறினால் நீண்ட நிலையிலேயே காய்ந்து, முன்பைவிட ஆழமான பள்ளமாகிவிடும். முழுதும் காய்ந்தபின் விரலால் தட்டினால் தோல்வாத்தியம் போல் லேசாக அதிர வேண்டும். பலன் குறைவாகத் தெரிந்தால் இன்னொரு முறை செய்யலாம். அடிப்பக்கத்திலும் வார்னிஷ் அடித்த பின்னல் ஈரத்தை இழுக்காது, அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது. அறுந்த இழைகள் இருந்தால் புதிதாகப் பின்னத்தான் வேண்டும்.

கீச்சுச் சத்தம் வேறு விஷயம். காற்று வறண்டால் பிரம்பு சுருங்குகிறது, மூட்டில் கட்டு தளர்கிறது, இரண்டு கழிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஒரு கையை ஒரு மூட்டின் மேல் வைத்து, மறு கையால் நாற்காலியை ஆட்டுங்கள். உரசும் மூட்டு உள்ளங்கையில் தெரியும். கட்டுக்குள் திருகு இருந்தால் முடுக்குங்கள். பிடிமானம் இல்லாமல் சுற்றினால், ஓட்டைக்குள் மரப்பசை தடவிய மெல்லிய மரச்சிம்பைச் செருகி, காய்ந்தபின் திருகைப் போடுங்கள். நேராக ஆணி அடிக்காதீர்கள். காய்ந்த பிரம்பு நார்வாக்கில் பிளந்துவிடும், பிளந்த கழிக்கு வலு இல்லை. ஆணிதான் வேண்டுமென்றால் அதைவிடச் சிறிய துளையை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டு அவிழ்ந்திருந்தால் அதே அகலத்தில் பட்டை வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறவையுங்கள். மணிக்கணக்கில் ஊறவைத்தால் நிறம் மங்கிச் சாம்பலாகும். பளபளப்புப் பக்கம் வெளியே தெரிய, இடைவெளி இல்லாமல் இழுத்துச் சுற்றி, முனையைக் கடைசி மூன்று நான்கு சுற்றுகளுக்கு அடியில் நுழைத்து, ஒரு சொட்டுப் பசை வைத்து, மறுநாள்வரை துணியால் கட்டிவையுங்கள். காயக் காயத் தானே இறுகும்.

எண்ணெய் பற்றிக் கேட்டீர்கள். வார்னிஷோ லாக்கரோ பூசிய பிரம்பில் எண்ணெய் உள்ளே போக வழியில்லை. மேலே பிசுக்காக நின்று தூசியைப் பிடித்து, பின்னலின் கண்களில் கறுப்பு அழுக்காக அடைந்துவிடும். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டவே வேண்டாம், அவற்றில் பல காய்வதில்லை, நாளானால் சிக்குவாடை வரும். பூச்சே இல்லாத, தோல் நீக்கிய உட்பிரம்புப் பின்னலுக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் பொருந்தும், ஏனென்றால் அது காற்றுப்பட்டு இறுகும் எண்ணெய். துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, 15 நிமிடம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்தெடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். இறுகும்போது எண்ணெய் சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

பூச்சு இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய, கைப்பிடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் நல்லது. ஐந்து நிமிடத்தில் பரவிக் கருத்தால், 220 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, தூசி நீக்கி, மெல்லிய வார்னிஷ் இரண்டு முறை கொடுங்கள். ஒரே தடவையாகத் தடிமனாக அடித்தால் வளைவுகளில் வெடித்து உரியும். கண் வைத்த இருக்கையின் அடிப்பக்கத்தை மட்டும் பூசாமல் விடுங்கள். மறுபடி தொய்ந்தால் அந்தப் பக்கம்தான் உங்களுக்கு வழி.

வாராவாரம் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் பின்னலைத் தட்டிவிட்டாலே சுத்தம் பெரும்பாலும் முடிந்தது. அழுக்கு ஏறினால் ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டுப் பாத்திர சோப்பு, இறுகப் பிழிந்த துணி, பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அப்புறம் உலர்ந்த துணி. பிளீச் வேண்டாம், நாரை வலுவிழக்கச் செய்யும். பூஞ்சை பிடித்திருந்தால் முகமூடி போட்டுக்கொண்டு வெளியே கொண்டுபோய்த் துலக்கி, ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். அறைக்குள் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் பிரம்பு வெடிப்பதும் இல்லை, பூஞ்சை பிடிப்பதும் குறைவு. ஜன்னல் வெயில், ஹீட்டர், ஏசியின் நேர்க்காற்று மூன்றும் படாத இடமாகப் பாருங்கள்.

கடைசியாக, நாற்காலியின் கீழே மாவு போல மெல்லிய தூள் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். பிரம்பில் உள்ள மாவுச்சத்தைத் தின்னும் வண்டின் புழுக்கள் உள்ளே இருக்கலாம்; கழியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்ட ஓட்டைகள் தெரியும். நாற்காலியை மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்து, தூளைத் துடைத்துவிட்டு, கறுப்புக் காகிதத்தின் மேல் ஒரு வாரம் வையுங்கள். காகிதம் சுத்தமாகவே இருந்தால் அது பழைய தூளாக இருக்கலாம். இன்னும் சில வாரம் காகிதத்தை அப்படியே விட்டுப் பாருங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. மேலே மருந்து தெளிப்பது வார்னிஷைத் தாண்டி உள்ளே போகாது என்பதால், பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களிடம் ஓட்டைக்குள் மருந்து செலுத்தச் சொல்லிக் கேளுங்கள்.