சுவரை இடித்த பிறகு வந்த கேள்விகள்

கேள்வி: நல்லூரில் உள்ள எமது வீடு பாட்டனார் காலத்தில் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்ட ஓட்டு வீடு. கனடாவிலிருந்து தம்பி குடும்பத்துடன் வருவதற்குள் விறாந்தையையும் மண்டபத்தையும் ஒன்றாக்க வேண்டுமென்று, இடைச்சுவரின் பாதியை ஒப்பந்தகாரர் ஒரே பின்னேரத்தில் இடித்துவிட்டார். அன்றிரவே மீதிச் சுவரில், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு ஏறியது. இரண்டு ஓடுகளும் சரிந்தன. “பூச்சு வெடிப்புத்தான், பட்டி வைத்தால் சரி” என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், அம்மா. இன்றிரவு முதல் அந்த இரண்டு பகுதிகளிலும் எவரும் படுக்கவும் வேண்டாம். பூச்சு மட்டும் வெடித்திருந்தால் மயிரிழை போன்ற கோடுகள் சிலந்திவலையாகப் பரவியிருக்கும். கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பும், கூடவே ஓடு சரிவதும், கூரைப் பாரம் இறங்குவதற்கு வேறு வழி தேடுகிறது என்பதையே காட்டுகின்றன.

ஒப்பந்தகாரரின் இந்தப் பிழை பழக்கத்தால் வந்தது என்று நினைக்கிறேன். இன்று கட்டப்படும் பல வீடுகளில் பாரத்தைக் கொங்கிறீற்றுத் தூண்களும் பீம்களும் தாங்குவதால், இடையில் நிற்கும் சீமெந்துக்கல் சுவரை எடுத்தாலும் வீடு நிற்கும். உங்கள் பாட்டனாரின் வீட்டில் தூணும் இல்லை, பீமும் இல்லை. சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கல்லின் மேல் மரவளை, அதன் மேல் பனஞ்சலாகை, அதன் மேல் ஓடு என எல்லாப் பாரமும் சுவரிலேயே இறங்குகிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் உள்ள ஓடுகள் மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ வரும். அத்தனையையும் சுமக்கும் சுவரின் அடியைப் பிடுங்கினால், மேலே தொங்கும் கற்களைப் பிடித்திருப்பது பழைய சுண்ணாம்பு மட்டுமே. அது அமுக்கத்தைத் தாங்குமேயன்றி இழுவையைத் தாங்காது.

வேலையை உடனே நிறுத்தி, கட்டமைப்பு தெரிந்த பொறியியலாளர் ஒருவரை அழைத்து, அவர் சொல்லும் இடங்களில் முட்டுக் கொடுப்பியுங்கள். முட்டுகளின் அடியில் தடித்த பலகை அவசியம். பழைய நிலத்தின் மெல்லிய சீமெந்துப் பூச்சின் கீழே பெரும்பாலும் மணலே இருக்கும் என்பதால், வெறுமனே நிறுத்திய முட்டு பூச்சைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். உண்மையில், இருபுறமும் முட்டுக் கொடுத்து, சுவரினூடாகக் குறுக்குத் தாங்கிகள் செருகி, பாரத்தை அவற்றின் மேல் ஏற்றிய பின்பே முதற் கல்லைப் பெயர்த்திருக்க வேண்டும். இனி பீம் வார்ப்பதானாலும், கொங்கிறீற்று தனக்குரிய பலத்தை அடைவதை 28 ஆம் நாளில் வைத்தே கணிக்கிறார்கள் என்பதால், முட்டு கழற்றும் நாளைப் பொறியியலாளரே சொல்லட்டும்; தம்பியின் விமானச் சீட்டு சொல்ல வேண்டாம்.

வெடிப்பின் இரு நுனிகளையும் பென்சிலால் குறித்துத் திகதியை எழுதிவையுங்கள். கோடு குறியைத் தாண்டினாலோ, நேற்றுவரை பூட்டிய கதவு இன்று இறுகினாலோ, சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். பட்டி வைத்தால் இந்தச் சாட்சி அழிந்துவிடும். சரிந்த ஓடுகளின் இடத்தையும், எவரும் கூரையில் ஏறாமல், படங்கால் மூட வழி செய்யுங்கள். மழை நீர் இறங்கி ஊறிய சுண்ணாம்புச் சாந்து பிடிப்பை இழக்கும். கார்த்திகையில் கூரை பிரிக்கும் துணிச்சலை நம் ஊரில் ஒவ்வொரு வருடமும் காண்கிறேன்.

கேள்வி: சாவகச்சேரியில் எமது வீட்டின் பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றுகளைக் கழற்றும் பையன்கள் அவற்றைச் சுத்தியலால் உடைத்துக் கீழே எறிகிறார்கள். நேற்று ஒருவரின் கால் சீற்றை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. மரத்தைப் பிடித்துத் தப்பினார். உடைந்த துண்டுகளை நிலம் நிரப்பப் பயன்படுத்தலாம் என்கிறார் ஒப்பந்தகாரர்.

பதில்: இரண்டு ஆபத்துகள் ஒன்றாக நடக்கின்றன. வெயிலில் பல்லாண்டு கிடந்த சீற்று பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும் ஓர் ஆளின் நிறையைத் தாங்காது. மரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதில் நின்றே வேலை செய்ய வேண்டும். மற்றையது கண்ணுக்குத் தெரியாதது. நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987 இல் தடைசெய்யப்பட்டது என்றாலும், கூரைச் சீற்றுகளில் வெள்ளை அஸ்பெஸ்டஸ் தொடர்ந்து பயன்பட்டது. எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உடைக்கும்போதே நார் பறக்கிறது. ஆகவே நீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாகக் கயிற்றில் இறக்குவியுங்கள். தூசியை உலர்ந்த நிலையில் கூட்ட வேண்டாம். துணி முகக்கவசம் போதாது. நிலம் நிரப்பும் யோசனையை அடியோடு மறுத்துவிடுங்கள், ஏனெனில் அடுத்த முறை அந்த நிலத்தைக் கிண்டுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. துண்டுகளை நனைத்துத் தடித்த பொலித்தீனில் சுற்றிவைத்து, எங்கே ஒப்படைப்பது என்று உள்ளூராட்சி மன்றத்திடம் கேளுங்கள்.

கேள்வி: மலசலகூடக் குழி வெட்டும்போது துருப்பிடித்த உருளை போன்ற இரும்பொன்று வந்தது. வேலையாட்கள் அதைத் தூக்கி மதிலோரம் வைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இந்தப் பத்தி அச்சேறும்வரை காத்திராமல் இதற்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். அது வெடிக்காமல் கிடந்த குண்டாக இருக்கலாம் என்பதால், அதைத் திரும்பவும் குழிக்குள் வைக்கவோ, தண்ணீர் ஊற்றிக் கழுவவோ, படம் எடுக்க அருகில் போகவோ கூடாது. எல்லோரும் வளவை விட்டு விலகி, பிள்ளைகள் அணுகாதபடி தடுத்து, 119 இல் பொலிசாருக்கு அறிவியுங்கள். வெடிபொருள் அகற்றுவோர் பார்த்து அனுமதிக்கும்வரை அந்தக் குழியில் மண்வெட்டி படக்கூடாது. பழைய இரும்பு வாங்குபவரிடம் எவராவது ஏற்கெனவே விலை பேசியிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.