கேள்வி பதில்: மேடை யாரு கையில?

கேள்வி: ஆல்டர்நேட்டிவ் மியூசிக் ஃபெஸ்டிவல்லாம் வியாபாரமா போச்சுன்னு போன இதழ்ல வருத்தப்பட்டு எழுதியிருந்தீங்க. 1991-ல அமெரிக்கால லொல்லபலூஸாங்கற ஊர் ஊரா போற மியூசிக் ஃபெஸ்டிவல் ஆரம்பிச்சப்பவும் டிக்கெட் வாங்கிட்டுதானே உள்ள விட்டாங்க? அப்ப மட்டும் அது வியாபாரம் இல்லையா?
- வாசகர், கோவை

பதில்: வியாபாரம்தாங்க, மறுக்கவே இல்ல. ஜேன்ஸ் அடிக்ஷன் பேண்ட் கலையப் போற நேரம், அதோட பாடகர் பெரி ஃபாரெல் கடைசியா ஒரு தடவ ஊர் ஊரா போய் வாசிச்சிட்டு முடிச்சுக்கலாம்னு கிளம்பினப்ப, கூடவே சூசி அண்ட் த பேன்ஷீஸ், நைன் இன்ச் நெயில்ஸ், ராப் பாடுற ஐஸ்-டின்னு ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாத ஆளுங்கள ஒரே மேடைல ஏத்தினாரு. ராக் கேக்க வந்த பசங்க ராப்பையும் நின்னு கேட்டாங்க, அதுதான் அன்னைக்கு புதுசு. காசு வந்துச்சு, வரட்டும், வேன்ல படுத்து தூங்கி ஊர் ஊரா போய் வாசிக்கிறவங்களுக்கு நாலு காசு கிடைச்சா எனக்கு சந்தோஷம்தான். எனக்கு மனசு ஆறாதது வேற விஷயம். அந்த மேடைல யார் ஏறணும், ஏறினவங்க என்ன பேசலாம்ங்கறத யார் முடிவு பண்றாங்க?

1996-ல லொல்லபலூஸால மெட்டாலிக்காவ மெயின் பேண்டா போட்டாங்க. நல்ல பேண்டுதான், ஆனா ஏற்கனவே ஸ்டேடியம் ரொப்பறவங்களுக்கு எதுக்கு இந்த மேடை? ஃபாரெலுக்கே பிடிக்கல, அந்த வருஷம் ஒதுங்கிட்டாரு. 1997-ஓட நின்னுபோச்சு, 2003-ல திரும்ப வந்துச்சு, 2004-ல டிக்கெட் போகலன்னு டூரையே கேன்சல் பண்ணாங்க, 2005-ல இருந்து சிகாகோ கிராண்ட் பார்க்லயே உக்காந்துடுச்சு. மேடைக்கெல்லாம் ஸ்பான்சர் கம்பெனி பேரு.

2007-ல நடந்தத நான் இன்னும் மறக்கல. அதே சிகாகோ லொல்லபலூஸால பேர்ல் ஜாம்ங்கற ராக் பேண்ட் வாசிக்கறாங்க, ஏடி அண்ட் டிங்கற டெலிபோன் கம்பெனி அத நெட்ல லைவா காட்டுது. பாடகர் எடி வெட்டர் நடுவுல அதிபர் புஷ்ஷ எதிர்த்து ரெண்டு வரி பாடினாரு, வீட்ல பாத்துட்டிருந்தவங்களுக்கு அந்த இடத்துல சத்தமே வரல. ஒளிபரப்புக்கு நாங்க வச்ச கான்ட்ராக்டர் பண்ண தப்புன்னு கம்பெனி சொல்லிச்சு. சரி, தப்பாவே இருக்கட்டும், ஆனா பாடறவன் வாய மூடற பட்டன் ஸ்பான்சர் வச்ச ஆள் கையில எப்படி போச்சு? இதே பேர்ல் ஜாம்தான் 1992-ல லொல்லபலூஸா மேடைல நின்னாங்க, 1994-ல டிக்கெட் விக்கிற டிக்கெட்மாஸ்டர் கம்பெனி அநியாயமா சார்ஜ் போடுதுன்னு அமெரிக்க நீதித்துறை வரைக்கும் போய் புகார் குடுத்தாங்க. அடுத்த வருஷமே அந்த விசாரணைய மூடிட்டாங்க. 2010-ல டிக்கெட்மாஸ்டரும், கச்சேரி நடத்தற லைவ் நேஷன் கம்பெனியும் ஒண்ணாச்சு, 2014-ல லொல்லபலூஸா நடத்தற சி3 கம்பெனியோட பெரும்பங்கும் அதே லைவ் நேஷன்கிட்ட போச்சு.

கேள்வி: கலிஃபோர்னியால நடக்கற கோச்செல்லா மியூசிக் ஃபெஸ்டிவலும் ஆரம்பத்துல இருந்தே இப்படி பணக்காரங்க திருவிழாதானா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லம்மா, அந்த கதைய கேட்டா மனசு கஷ்டமா இருக்கும். 1993-ல டிக்கெட் சார்ஜ் தகராறால பேர்ல் ஜாம் வழக்கமான அரங்கம் எதுவும் வேணாம்னு கலிஃபோர்னியால இண்டியோங்கற பாலைவன ஊர்ல ஒரு போலோ மைதானத்துல வாசிச்சாங்க, இவ்ளோ பேர் இங்க வருவாங்களான்னு அப்பதான் தெரிஞ்சுது, அதே மைதானத்துலதான் 1999 அக்டோபர்ல கோச்செல்லா பொறந்துச்சு. அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் நியூயார்க் மாநிலத்துல உட்ஸ்டாக் 99-ங்கற மியூசிக் ஃபெஸ்டிவல் நடந்துச்சு, கொளுத்துற வெயில்ல ஒரு பாட்டில் தண்ணி 4 டாலர், கடைசில தீ வச்சு கலவரமா முடிஞ்சுது. கோச்செல்லாகாரங்க பார்க்கிங் ஃப்ரீ, உள்ள வர்றவங்களுக்கு ஒரு தண்ணி பாட்டில் ஃப்ரீ, நாளுக்கு 50 டாலர்னு வச்சாங்க. வந்தவங்க சந்தோஷமா திரும்பினாங்க, நடத்தினவங்களுக்கோ செம நஷ்டம், 2000-ல நடத்தவே முடியல. 2001-ல ஏஈஜிங்கற பெரிய கம்பெனி அவங்கள வாங்கிடுச்சு. இப்ப டிக்கெட் 500 டாலர தாண்டிடுச்சு, தவணைல கட்டறாங்க பசங்க. நல்ல மனசோட நடத்தினவங்கள ஒரே வருஷ நஷ்டம் இப்படி தள்ளிடுச்சேன்னு எனக்கு அவங்க மேல கோவமே வர்றதில்ல. ஆனா ஒண்ணு தப்பு, அங்க பாடற பேண்ட் அந்த சீசன்ல சுத்துவட்டாரத்துல வேற எங்கயும் பாடக்கூடாதுன்னு ஒப்பந்தம் போடறாங்க, சின்ன கிளப் நடத்தறவங்க பொழப்ப அது நேரா அடிக்குது.

கேள்வி: என் பொண்ணு காலேஜ் ஃப்ரெண்ட்ஸோட மும்பை லொல்லபலூஸாவுக்கு போகணும்னு அடம் பிடிக்கிறா. இவ்ளோ காசு குடுத்து அனுப்பலாமா?
- ஒரு அம்மா, மதுரை

பதில்: கையில காசு இருந்தா அனுப்புங்கம்மா, கடன் வாங்கி மட்டும் வேணாம். 2023 ஜனவரில மகாலக்ஷ்மி ரேஸ் கோர்ஸ்ல இந்தியால முதல் தடவ லொல்லபலூஸா நடந்தப்ப வெளிநாட்டு பேண்டுங்களோட ப்ளடிவுட்ங்கற டெல்லி பேண்ட் பசங்களும் டோல் சத்தத்தோட மெட்டல் மியூசிக் வாசிச்சாங்க, அந்த மாதிரி பசங்கள பாக்கவாவது போகலாம். பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லி அனுப்புங்க, பெரிய பேரு ராத்திரிதான் வரும், அதுக்காக சாயங்காலம் வரைக்கும் ரூம்ல தூங்க வேணாம். மதியம் வெயில்ல ஒரு அம்பது பேர் முன்னாடி எவனாவது உயிர குடுத்து வாசிச்சிட்டிருப்பான், அங்க போய் முன்னாடி நிக்க சொல்லுங்க.