கேள்வி-பதில்: மணலுக்கு எந்தக் கண்ணாடி, பாறைக்கு எந்தக் கண்ணாடி?

தினமும் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடுகிறேன். நான் பார்த்த ஸ்மார்ட்வாட்சில் சஃபையர் கண்ணாடி வேண்டுமென்றால் பத்தாயிரம் கூடுதல். கொடுக்கலாமா?
– சென்னை வாசகர்

கொடுங்கள். கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் அதிகமுள்ளது குறைந்ததைக் கீறும்) அது 7. சாதாரணக் கண்ணாடி 6-ஐத் தாண்டாது, சஃபையர் 9. ஓடி முடித்ததும் மணல் ஒட்டிய வாட்சை பனியன் நுனியால் துடைக்கிறோமே, கீறல் அப்போதுதான் விழுகிறது. சஃபையரே வாங்கினாலும் முதலில் தண்ணீரில் அலசிவிட்டுத் துடையுங்கள்.

மலையேற்றம், பாறையேற்றம் இரண்டும் உண்டு. 'சஃபையர் உடையவே உடையாது சார்' என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– கோவை வாசகர்

நம்பாதீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பணத்தை விட்டவர்களில் நானும் ஒருவன். மலைப்பாதையில் கால் வழுக்கி இரும்புக் கைப்பிடியைப் பிடித்தேன். வாட்சின் ஓரம் அதில் மோதியது. இரண்டு வருடம் ஒரு கீறல்கூட விழாத கண்ணாடி, ஓரத்திலிருந்து நடுவரை விரிசல் விட்டுவிட்டது. கண்ணாடியை மட்டும் மாற்றித் தர மாட்டோம், உடைசலுக்கு வாரண்டியும் கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள்.

கீறல் விழாதது வேறு, உடையாதது வேறு. சஃபையர் என்பது ஆலையில் வளர்க்கும் அலுமினியம் ஆக்சைடு படிகம். கடினம் அதிகம், வளைந்துகொடுக்கும் தன்மை குறைவு. போன், வாட்ச் திரைகளில் வரும் கொரில்லா போன்ற கண்ணாடிகளை உருகிய பொட்டாசியம் உப்பில் அமிழ்த்துவார்கள். கண்ணாடியிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். மேற்பரப்பு இறுகுவதால் அடியைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் மணலில் கீறல் விழும். போதாததற்கு, சஃபையர் வெயிலை அதிகம் பிரதிபலிக்கும். உச்சி வெயிலில் எண்கள் மங்கலாகத் தெரியலாம்.

பாறைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் கண்ணாடியின் பெயரைவிட விளிம்பைப் பாருங்கள். கடையிலேயே ஏடிஎம் கார்டு ஒன்றை வாட்சின் முகத்தில் குறுக்கே வையுங்கள். கார்டு விளிம்பில் தங்கி, கண்ணாடியைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் அந்த வாட்ச் உங்களுக்கு வேண்டாம்.

என் வாட்சில் நீர்காப்பு '50 மீட்டர்' என்று போட்டிருக்கிறது. அதை நம்பி தினமும் அதோடு வெந்நீரில் குளித்தேன். இப்போது உள்ளே நீர் பூத்திருக்கிறது. கம்பெனி ஏமாற்றிவிட்டதா?
– சேலம் வாசகர்

இல்லை. அந்த 50 மீட்டர், அசையாத தண்ணீரின் அழுத்தத்துக்கான சோதனை. சூடும் சோப்பும், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். வெந்நீர்க் குளியல் வேண்டாம் என்று வாட்சோடு வரும் கையேட்டிலேயே பெரும்பாலும் இருக்கும். முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய பொருளின் கையேட்டைப் புரட்டக்கூடவா நேரமில்லை?

ஆன்லைனில் 'சஃபையர் கண்ணாடி' என்று போட்டிருந்ததால் மகனுக்கு வாங்கினேன். ஒரே மாதத்தில் கீறல். கேட்டால் 'சஃபையர் கோட்டிங்தான்' என்கிறார்கள்.
– தூத்துக்குடி வாசகி

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை அம்மா. கோட்டிங் என்றால் கண்ணாடிமேல் பூசிய மெல்லிய படலம். அதைச் சஃபையர் கண்ணாடி என்று விற்பது ஏமாற்று. அந்த விற்பனைப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பில்லையும் அவர்கள் அனுப்பிய பதிலையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

பில் வாங்கவில்லை. வாரண்டி கிடைக்குமா?
– மதுரை வாசகர்

கிடைப்பது கடினம். பில்லைக் கேட்டு வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.