டூரில் ஆடும் கோல்ஃப் வீரரின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான்: "வாரம் ஒரு ஊர், பெரிய ஓட்டல், கோடிகளில் பரிசு. டூரில் ஆடும் தொழில்முறை கோல்ஃப் வீரரின் வாழ்க்கை இப்படித்தானா?"

உச்சியில் இருக்கும் சில டஜன் பேருக்கு ஏறக்குறைய அப்படித்தான். மற்றவர்களின் வாழ்க்கை வேறு. டூர் என்றால் ஊர் ஊராக நடக்கும் போட்டித் தொடர். அமெரிக்காவின் முதன்மைத் தொடரான பிஜிஏ டூருக்கு ஒரு படி கீழே இருக்கும் கார்ன் ஃபெரி டூரை வைத்தே பதில் சொல்கிறேன். பெரிய டூருக்குப் போகும் முக்கியமான வாசல் அதுதான். 1990-இல் பென் ஹோகன் டூர் என்று தொடங்கியது, விளம்பரதாரர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறி, 2019 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது.

முதலில் பணம், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் அதிலிருந்துதான் வருகிறது. அங்கே வழக்கமான ஒரு போட்டியின் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். வெல்பவருக்கு அதில் 18 சதவீதம், அதாவது 1,80,000 டாலர். முழு அளவிலான போட்டியில் 156 பேர் ஆடுவார்கள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சேர்த்து 36 ஹோல், அதாவது 36 குழி, முடிந்ததும், முதல் 65 பேரும் அந்த 65-ஆவது இடத்தோடு ஸ்கோர் சமமாக இருப்பவர்களும் மட்டும் சனி, ஞாயிறு ஆடலாம். இதைத்தான் கட் என்கிறார்கள். கட்டுக்குள் வராதவருக்குப் பரிசுப் பணத்தில் ஒரு டாலர்கூடக் கிடையாது. கட்டுக்குள் வந்து கடைசி இடங்களில் முடிப்பவருக்குச் சுமார் 4,000 டாலர் கிடைக்கும்.

அந்த வாரச் செலவை இதற்கு எதிரே வையுங்கள். விமானம், ஆறு இரவு அறை, வாடகைக் கார், சாப்பாடு, துணி துவைக்கும் செலவு. வீரரின் பையைச் சுமந்து உதவும் கேடிக்கு வாரச் சம்பளம் தனி, இந்த டூரில் அது ஆயிரம் டாலரை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் பரிசில் பங்கும் உண்டு: கட் தாண்டினால் 5 சதவீதம், முதல் பத்துக்குள் வந்தால் 7, வென்றால் 10 என்பது பரவலாக இருக்கும் வழக்கம். எல்லாம் கூட்டினால் வாரத்துக்கு 3,000 டாலருக்குக் குறைவாக முடிப்பது கடினம். ஆக, கட் தாண்டிக் கடைசியில் வருபவர் கிட்டத்தட்ட போட்டது எடுத்தார், அவ்வளவுதான். தாண்டாதவர் முழுச் செலவையும் கையிலிருந்து போடுகிறார்.

பிஜிஏ டூரில் 2023 முதல் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. முழு உரிமை உள்ள உறுப்பினர் 15 போட்டியாவது ஆடினால் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் உறுதி. அதற்குக் கீழ்த் தகுதியில் இருப்பவர்களுக்குக் கட் தவறும் ஒவ்வொரு போட்டிக்கும் 5,000 டாலர். நல்ல முடிவுதான். ஆனால் பணம் அதிகம் தேவைப்படும் கீழ் டூரில் அந்தப் பாதுகாப்பு இல்லை, அது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாரம் நகரும் விதத்துக்கு வருவோம். ஞாயிறு இரவோ திங்களோ ஊர் மாறுவார்கள். செவ்வாயன்று 9 அல்லது 18 ஹோல் பயிற்சி ஆட்டம், புதனன்று விளம்பரதாரரின் விருந்தினர்களோடு ஆடும் ப்ரோ-ஆம். இந்த இரண்டு நாளில் கேடி மைதானத்தை நடந்தே அளந்து, யார்டேஜ் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்: இந்த பங்கரை, அதாவது மணல்குழியைத் தாண்ட எத்தனை யார்டு, குழி இருக்கும் வழவழப்பான புல்தளமான கிரீனின் எந்தப் பக்கம் விழுந்தால் எளிதாக மேலே கொண்டுவரலாம், எந்தப் பக்கம் விழவே கூடாது. குழியைக் காட்டும் கொடி எங்கே என்ற தாள் ஆட்ட நாள் காலையில்தான் கைக்கு வரும். கிரீனின் முன் விளிம்பிலிருந்து எத்தனை தப்படி, பக்கத்திலிருந்து எத்தனை தப்படி என்று அதில் இருக்கும்.

156 பேர் மூன்று மூன்றாகப் பிரிந்தால் 52 குழு. அதில் பாதி காலையில், பாதி மதியத்தில். ஒவ்வொரு வேளையிலும் 13 குழு முதல் டீயிலிருந்து (டீ என்பது ஒவ்வொரு ஹோலும் தொடங்கும் இடம்), 13 குழு பத்தாவது டீயிலிருந்து. வியாழன் காலையில் ஆடியவர் வெள்ளி மதியம் ஆடுவார், வியாழன் மதியக்காரர் வெள்ளி காலை. பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வியாழன் மதியமும் வெள்ளி காலையும் காற்று அடித்து மற்ற இரண்டு வேளையும் அமைதியாக இருந்துவிட்டால், பாதிப் பேர் இரண்டு மூன்று அடி, அதாவது ஸ்ட்ரோக், பின்தங்கிவிடுவார்கள்; குறைந்த அடியில் முடிப்பவரே முன்னே. கட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பவர்களைப் பிரிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு அடிதான்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை பொல்லாத நாள். காலையில் ஆடி மதியத்துக்குள் முடித்தவர், கட் கோட்டுக்குச் சரியாக ஓர் அடி வெளியே நிற்கிறார் என்று வையுங்கள். கடைசிக் குழு முடிக்க மாலை ஏழு, எட்டு ஆகும். மதியம் காற்று எழுந்தால் கோடு ஓர் அடி தளரும், அவர் உள்ளே வந்துவிடுவார். அமைதியாக இருந்தால் வீட்டுக்கு. அதுவரை அறையைக் காலி செய்ய முடியாது, விமானச் சீட்டை மாற்ற முடியாது, அடுத்த ஊருக்குக் கிளம்பவும் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து, மாலையில் அரை மணி, கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் புட்டிங் பயிற்சி செய்வார்கள். உள்ளே வந்துவிட்டால் சனி காலை முதல் குழுக்களில் ஒன்றில் ஆட வேண்டியிருக்கும், உடல் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

இடி மின்னல் வந்தால் இன்னும் இழுக்கும். கோடையில் அமெரிக்காவின் தென்கிழக்கில் மதிய இடிமழை சாதாரணம். சைரன் ஊதினால் ஆட்டம் உடனே நிற்கும், இருட்டிவிட்டால் மிச்சம் மறுநாள் காலையில். அப்போது கட் தெரியவே சனி காலை ஆகிவிடும். வெளியே போகப்போகிறவர்களும் ஓர் இரவு அறை வாடகையைக் கூடுதலாகக் கட்டுவார்கள்.

ஆகவே விமானச் சீட்டைப் பொறுத்தவரை, கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் நாள் மாற்ற அபராதம் இல்லாத சீட்டையே ஞாயிறு இரவுக்கு எடுத்து வைப்பார்கள். சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தை இந்த டூர்க்காரர்கள் விரும்பியதற்குக் காரணம், இரண்டு பெட்டி இலவசம், அதில் ஒன்று கோல்ஃப் பையாக இருக்கலாம் என்பது. 2025 மே கடைசியில் அந்தச் சலுகை பெரும்பாலான பயணிகளுக்கு நின்றது. கோடையில் அடுத்தடுத்த ஊர்கள் ஐந்தாறு மணி நேரத் தூரத்தில் இருந்தால் இருவர் மூவராகச் சேர்ந்து காரில் போவதே மேல். தங்குவதற்கு, வீரர்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் உள்ளூர்க் குடும்பங்கள் பல ஊர்களில் உண்டு. அறை வாடகை மிச்சம், வீட்டுச் சாப்பாடு, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் கிடைக்கும். வருடா வருடம் அதே குடும்பத்திடம் திரும்பிப் போகிறவர்கள் நிறைய. இந்தத் தொழிலின் தனிமைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்றே நினைக்கிறேன்.

கோல்ஃப் பையைக் கட்டுவதிலும் கவனம் வேண்டும். எடை 23 கிலோவுக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் கூடுதல் கட்டணம். அதிக தூரம் அடிக்கும் கிளப்பான ட்ரைவரின் தலையைக் கழற்றி உறைபோட்டுத் துணிகளுக்கு நடுவே வைப்பார்கள். எல்லாக் கிளப்பையும்விட நீளமான ஒரு தாங்கு கம்பியை நடுவில் நிறுத்தினால், பை தலைகீழாக விழுந்தாலும் அடி அந்தக் கம்பி மேல்தான் விழும். தண்டு உடையாது. பை எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் காட்டும் ஏர்டேக் ஒன்று உள்ளே. கைப்பேசியில் ஒவ்வொரு கிளப்பின் லாஃப்ட், லை என்ற இரு கோணங்கள், நீளம், தண்டின் பெயர், கிரிப் அளவு எல்லாம் எழுதிய பட்டியல். பை தொலைந்தால் இரண்டே நாளில் அதே அளவில் இன்னொரு செட் கட்ட அந்தப் பட்டியல்தான் உதவும். கோல்ஃப் ஷூ ஒரு ஜோடி, கையுறை, ஓர் ஆட்டத்துக்கான உடை இவற்றைக் கையில் கொண்டுபோகும் பையில் வைப்பது கட்டாயம். கிளப் இரவல் கிடைக்கும், காலுக்குப் பழகிய ஷூ கிடைக்காது.

பையில் 14 கிளப்புக்கு மேல் இருக்கக் கூடாது. பயிற்சியில் கூடுதலாக ஒன்றை வைத்துச் சோதித்துவிட்டு எடுக்க மறப்பதுதான் வழக்கமான விபத்து. மீறிய ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு அடி தண்டனை, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு. 2001 பிரிட்டிஷ் ஓபனின் கடைசி நாளில் இயன் வூஸ்னம் முதலிடத்தைத் தொட்ட நேரத்தில், இரண்டாவது டீயில் பையைப் பார்த்தால் இரண்டு ட்ரைவர். மொத்தம் 15. இரண்டு அடி போயிற்று. முதல் டீயில் கேடி ஒருமுறை வாய்விட்டு எண்ணிவிட்டால் இது நடக்காது.

ஊர் மாறினால் பந்து போகும் தூரமும் மாறும். இந்த டூர் ஜனவரியில் பஹாமாஸில் தொடங்கி, பனாமா, கொலம்பியா என்று போய் அப்புறம்தான் அமெரிக்கா திரும்பும். பனாமா கடல்மட்டம், ஈரக்காற்று. அடுத்த வாரமே பொகோட்டா, 2,600 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து சுமார் 15 சதவீதம் கூடுதலாகப் போகும். கீழே 150 யார்டு போகும் அடி அங்கே 170-ஐத் தாண்டும். தூரம் மட்டுமில்லை, பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் குறைவதால் பாதை தட்டையாகி, கிரீனில் விழும் கோணம் சரிந்து, பந்து நிற்காமல் ஓடும். பக்கவாட்டில் வளைவதும் குறையும். அதனால் செவ்வாயன்றே, பந்தின் பறத்தலை அளக்கும் டிராக்மேன் கருவியை வைத்து ஒவ்வொரு கிளப்புக்கும் புது எண் எடுத்து, கேடி புத்தகத்தின் பின் அட்டையில் ஒட்டிவைப்பார். மலையிலிருந்து இறங்கிய வாரம் பழைய எண்களுக்கு மனம் திரும்புவதுதான் இன்னும் கஷ்டம், முதல் சுற்றில் எல்லாம் கிரீனுக்கு முன்னாலேயே விழும்.

புல்லும் அப்படித்தான். தெற்கே பெர்முடா புல், கிரீனில் புல் சாய்ந்திருக்கும் திசையில் பந்து வேகமாகவும் எதிர்த் திசையில் மெதுவாகவும் ஓடும். வடக்கே போனால் பென்ட் புல், அங்கே சரிவை மட்டும் பார்த்தால் போதும். பங்கர் மணலும் மாறும். மென்மையான மணலுக்கு அடிப்புறம் அதிகம் புடைத்த, அதாவது பவுன்ஸ் அதிகமான 60 டிகிரி வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் குறுந்தூரக் கிளப்), கெட்டித் தரைக்குப் பவுன்ஸ் குறைந்தது. இரண்டையும் எடுத்துவந்து, மைதானத்தைப் பார்த்த பிறகே எது பைக்குள் போகும் என்று முடிவெடுப்பார்கள். பிஜிஏ டூரில் கிளப் நிறுவனங்களின் பட்டறை வண்டிகள் மைதானத்துக்கே வரும், புதன் மாலைக்குள் கிளம்பிவிடும். எனவே கிரிப் மாற்ற, பள்ளம் தேய்ந்த வெட்ஜுக்குப் பதில் புதிது வாங்க, செவ்வாய் போவது நல்லது.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு சுற்று நாலரை முதல் ஐந்தரை மணி நேரம், எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடை. முதல் டீ 7 மணி என்றால் நாலு மணிக்கு எழ வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் உடல் சூடேற்றமும் பயிற்சியும். நடுவில் மூன்று நான்கு ஹோலுக்கு ஒருமுறை வாழைப்பழமோ பருப்போ ஏதாவது சாப்பிடாவிட்டால் கடைசி நாலு ஹோலில் முடிவெடுக்கும் தெளிவு போய்விடும். இடுப்பும், வலது கைக்காரர்களுக்கு இடது மணிக்கட்டும்தான் முதலில் மக்கர் செய்யும். தொடர்ந்து ஐந்து வாரம் ஆடினால் ஆறாவது வாரம் வீட்டில் இருப்பது லாபம்.

இத்தனை பாட்டுக்கும் பலன் என்ன? பருவ முடிவில் புள்ளிப் பட்டியலில் முதல் 20 பேருக்குப் பிஜிஏ டூர் உரிமை அட்டை. 2024 வரை 30 பேருக்குக் கொடுத்தார்கள், 2025 முதல் குறைத்துவிட்டார்கள். ஒரே பருவத்தில் மூன்று போட்டி வென்றால் உடனடியாக மேலே போகலாம்.

அட்டை இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, மாற்றுப் பட்டியல். முதல் மாற்று ஆட்டக்காரர் வியாழன் விடியற்காலையிலிருந்து கடைசிக் குழு கிளம்பும்வரை மைதானத்திலேயே, உடல் சூடாக, ஷூ கட்டியபடி இருக்க வேண்டும். யாராவது முதுகு பிடித்து விலகினால் சில நிமிடத்தில் டீயில் நிற்க வேண்டியிருக்கும். யாரும் விலகாவிட்டால் முழு வாரச் செலவும் வீண். இன்னொன்று திங்கள் தகுதிச்சுற்று. கட்டணம் கட்டி 18 ஹோல் ஆட வேண்டும். கார்ன் ஃபெரி டூரில் பொதுவாக 8 இடம். பிஜிஏ டூரில் நீண்ட காலம் 4 இருந்தது, 2026 முதல் களம் சுருங்கியதில் சில போட்டிகளில் அதுவும் குறைந்துவிட்டது. கொல்கத்தாவில் வளர்ந்த அர்ஜுன் அத்வால் 2010-இல் அட்டையை இழந்த நிலையில், திங்கள் தகுதிச்சுற்றில் இடம்பிடித்து, அதே வாரம் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்றார். பிஜிஏ டூரில் வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

இந்தியாவிலிருந்து இந்த வழிக்கு வர நினைப்பவர்கள் இரண்டு செலவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கான பி-1 (P-1) விசாவும் அதற்கான வழக்கறிஞர் கட்டணமும் ஒன்று. அமெரிக்காவில் குடியிருக்காதவரின் பரிசில் பொதுவாக 30 சதவீதம் வரியாகப் பிடித்தபிறகுதான் மீதி கைக்கு வரும் என்பது மற்றொன்று. செலவுகளைக் கழித்து ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்தால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம், ஆனால் மாதங்கள் ஆகும், எல்லா ரசீதும் கையில் இருக்க வேண்டும். இந்தியாவின் பிஜிடிஐ டூரில் 1 கோடி ரூபாய்ப் போட்டி ஒன்றை வென்றால் 15 லட்சம் வரும். அங்கே இரண்டு மூன்று நல்ல பருவம் ஆடிச் சேர்த்த பணமும், ஒரு பருவத்தை முழுதாகத் தாங்கும் ஸ்பான்சரும் இருந்தால், அமெரிக்க டூரில் இடம்பிடிப்பதற்கான தகுதித் தேர்வுப் போட்டிக்கு விண்ணப்பிக்கலாம்.